நான் எதையும் தொடலை

நவம்பர் 4, 2024, திங்கள்

தீபாவளிக்கு ஊருக்குப் போன எலக்ட்ரீசியன் ஒருவழியாக இன்று வந்தார். அம்மாவின் குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிக் கொடுத்தார். ஒன்பது அங்குலம், இரும்புச் சட்டம். போன மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஏறிய கரும்பூஞ்சைக்குப் பிறகுதான் அம்மாவுக்கு இளைப்பு அதிகமானது. நங்கநல்லூரில் இந்த மாதம் துணியே காயாது, சுவர் எங்கே காயப்போகிறது? ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது.

நவம்பர் 6, புதன்

விடியற்காலையில் வீடு முழுக்க இருட்டு. குளியலறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல். தலையில் சீயக்காய், கண்ணைத் திறக்க முடியவில்லை. "நான் எதையும் தொடலைடி, தானா போச்சு" என்கிறாள். செல்போன் வெளிச்சத்தில் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எம்.சி.பி. எல்லாம் மேலேதான் இருந்தன. ஆர்.சி.சி.பி. மட்டும் கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், நின்றது. கீசர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபேனைப் போடவே இல்லை.

நவம்பர் 9, சனி

மறுபடியும் கீசர் நேரம். எலக்ட்ரீசியனுக்கு போன் செய்தேன். "ஃபேன்தான் ஆஃப்ல இருக்கே மேடம், அது எப்படி டிரிப் பண்ணும்? கீசர் காயில் லீக்கா இருக்கும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கீசருக்கும் வயதாகிவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. காயில் மாற்றியாயிற்று. பணம் போயிற்று.

நவம்பர் 13, புதன்

அலுவலகத்தில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, டி.வி. இல்லை. கீசர் போட்டாயா என்றேன். இல்லை. அயர்ன் பாக்ஸ்? இல்லை. பின்னே எப்படிம்மா? "நான் எதையும் தொடலைன்னு சொல்றேனே!" குரலில் கோபம் இருந்தது, கொஞ்சம் பயமும்.

போன மாதம் ஒரே நாளில் இட்லிக்கு இரண்டு முறை அரிசி ஊறவைத்தாள். என்னைச் சித்தியின் பெயரில் கூப்பிட்டாள். இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். "எதுக்கும் ஒரு நியூராலஜிஸ்ட்கிட்ட காட்டிடு" என்று புனேயிலிருந்து சொல்வது எளிது. டிசம்பர் 16க்குத்தான் தேதி கிடைத்தது. வாங்கி வைத்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று சண்டை. எலக்ட்ரீசியன் வந்து கீசரைப் பார்த்தார், ஃபேன் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தார். அவர் இருந்தவரை ஒன்றும் விழவில்லை. வேலைக்கு வருகிறவர் முன்னால் எந்தப் பழுதும் வாலைச் சுருட்டிக்கொள்ளும். கடைசியில், "இந்த ஆர்.சி.சி.பி.யே ரொம்ப சென்சிடிவ் மேடம். எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடறேன். நிறைய வீட்டுல அப்படித்தான்" என்றார். அதற்குள் ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டது.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரவு உட்கார்ந்து படித்தேன். ஃபேஸில் உள்ளே போகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒப்பிடுவது மட்டும்தான் அந்தப் பெட்டியின் வேலை. வரவும் செலவும் ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசம் வேறு வழியில், ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனித உடம்பின் வழியாகவோ, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். எங்கள் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அந்த அளவு வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் துண்டித்தாக வேண்டும். இரண்டாயிரம் வாட் கீசர் இழுப்பது சுமார் 9 ஆம்பியர். அதோடு பார்த்தால் 30 மில்லி தூசு.

உடம்புக்கு அது தூசு இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், மின்கம்பியைப் பிடித்த கை எந்த அளவுவரை தானாக விடுபட முடியும் என்று தன்னார்வலர்களை வைத்தே அளந்திருக்கிறார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. நனைந்த தரை, நனைந்த தலை, அம்மாவின் மெலிந்த கை. இதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பாராம்!

அவரிடம் இனி போவதாக இல்லை.

நவம்பர் 20, புதன்

இரண்டு நாளாக விழவில்லை. இதுவும் நிம்மதியாக இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பால் கணக்கு பார்ப்பதற்காகத் தினசரி காலண்டரிலிருந்து கிழித்துச் சேர்த்து வைத்த தாள்களைப் புரட்டினேன். பின்பக்கமெல்லாம் அம்மாவின் பென்சில் எழுத்து. "5.50 கரண்ட். கீசர்." "மத்தியானம் 3.10. ஒண்ணும் போடலை. மோட்டார்." "சாயங்காலம் 6. மோட்டார் போட்டதும்." தேதி தவறாமல் எழுதியிருக்கிறாள். மோட்டார் என்றால் கீழே வாட்ச்மேன் போடும் போர் மோட்டார். அதற்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்னடி தெரியும், அப்பதான் போறது, எழுதினேன்" என்றாள்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். காலையிலிருந்து கரண்ட் இல்லை, அதனால் டிரிப் ஆகவும் ஒன்றுமில்லை. அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரசம் வைத்தாள். இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கிறது என்கிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

பக்கத்துத் தெரு அயர்ன்காரர் சொல்லி ஒரு பெரியவர் வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வந்ததும் எதையும் கழற்றவில்லை, அம்மாவை உட்காரவைத்துக் கேட்டார். அம்மா காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொன்றாகப் படித்தார். "மோட்டார் போட்டா போகுதா... அப்ப நியூட்ரல்தான்" என்றார்.

எங்கள் ஃபேன்தான் அணைந்திருந்ததே என்றேன். "சுவிட்ச் சிவப்பைத்தாம்மா வெட்டும். கறுப்பு எப்பவும் தொடுத்தபடியேதான் இருக்கும். எம்.சி.பி.யும் அப்படித்தான். நீங்க எத்தனை சுவிட்சை அணைச்சுப் பார்த்தாலும் இது மாட்டாது."

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, பெட்டிக்குள் கறுப்பு ஒயர்களை நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தார். மல்டிமீட்டரின் ஒரு முனை பச்சை எர்த் ஒயரில், இன்னொன்று கறுப்பில். ஹால், சத்தமில்லை. சமையலறை, சத்தமில்லை. அம்மாவின் குளியலறை ஒயரைத் தொட்டதும் பீப் என்று அலறியது. இரண்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நேராகப் போய் ஃபேனைச் சட்டத்தோடு இறக்கினார். மூலை திருகுக்குக் கீழே கறுப்பு ஒயர் நசுங்கி, மேலுறை கிழிந்து, செம்பு தெரிந்தது. திருகை இறுக்கியபோது ஒயர் இடையில் மாட்டியிருக்கிறது. சட்டத்துக்கு எர்த் கொடுத்திருப்பதால் நியூட்ரல் அங்கேயே மண்ணைத் தொட்டுவிட்டது. கீசர் ஓடும்போது நியூட்ரலில் ஓரிரண்டு வோல்ட் ஏறும். அது போதும், ஒரு பங்கு மின்னோட்டம் எர்த் வழியாக ஓடிவிடும். பெட்டியின் கணக்கு இடிக்கும், விழும். மோட்டாரும் அப்படித்தான். கட்டடத்துக்கு வரும் நியூட்ரல் பொது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பில் நம் வீட்டு நியூட்ரலும் எர்த்தோடு ஒப்பிடும்போது தூக்கிக்கொள்ளும். நம் வீட்டில் ஒரு விளக்குகூட எரிய வேண்டியதில்லை.

புது ஒயர், மேலே பி.வி.சி. குழாய், திருகிலிருந்து தள்ளி. மெயினைப் போட்டு கீசர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடவிட்டு, வாட்ச்மேனை மோட்டாரும் போடச் சொன்னார். விழவில்லை. பிறகு ஆர்.சி.சி.பி.யில் 'டி' பொத்தானை அழுத்தினார். டப்பென்று விழுந்தது. "இது விழணும். விழலேன்னாதான் பயப்படணும்."

போகும்போது அம்மாவிடம், "இவ்வளவு விவரமா எழுதி வெச்சிருக்கீங்களேம்மா" என்றார். அம்மா அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தாள். எனக்கு முதல் காபியே வரவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

கதவைச் சாத்தினால் ஃபேன் காற்றை இழுக்க மாட்டேன் என்கிறது. கிரில்லில் பேப்பர் துண்டு ஒட்டவில்லை. கதவுக்கு அடியில் இடைவெளியே இல்லை, வெளியிலிருந்து காற்று எப்படி உள்ளே வரும்? தச்சரைக் கூப்பிட வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

குடியிருப்பு சங்கக் கூட்டம். தண்ணீர், பார்க்கிங் எல்லாம் முடிந்து கடைசியில் 'டி' பொத்தான் விஷயத்தைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் வீட்டுக்குப் போய் அழுத்திப் பார்த்தார்கள். மேல் வீட்டில் ஒன்றுமே ஆகவில்லை. திறந்து பார்த்தால் மேலேயும் கீழேயும் ஒயரை நேராக இணைத்துவிட்டு, ஆர்.சி.சி.பி. வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே இரண்டு சின்னக் குழந்தைகள். செய்தது யார் என்று அவர்களுக்கு நினைவில்லை.

டிசம்பர் 11, புதன்

ஒன்றுமில்லை. மழை விட்டிருக்கிறது.

டிசம்பர் 14, சனி

நேற்று கார்த்திகை தீபம். மாடியில் அகல் வைத்துவிட்டு வந்த பிறகு, கதவைப் பூட்டினோமா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். நானும்தான் கேட்பேன். அண்ணன் போன் செய்து திங்கட்கிழமை போகிறீர்கள்தானே என்றான். ஃபேன் கதையைச் சொன்னேன். "அது சரி, அரிசி?" என்றான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தேதியை ரத்து செய்யவும் இல்லை. காலை பத்தரைக்கு, டோக்கன் ஏழு.