பூ வண்டியின் தரை

பூதப்பாண்டிப் பக்கத்தில் பழைய வேன் வாங்கப்போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருவார்கள். "ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். தொழில் படிக்க வரும் பிள்ளைகளுக்காக அந்தப் பார்வையை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் ஆசான் பானெட்டைத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. மாருதி வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தானே இருக்கிறது. ஆனால் சீட்டையும் அவர் முதலில் தூக்கமாட்டார். பின்கதவைத் திறந்து, தரை மேட்டைப் புரட்டி, திருப்புளிப் பிடியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். துரு தின்ற தகரம் 'பொத்'தென்று கேட்கும். தோவாளைச் சந்தைக்குப் பிச்சிப்பூ ஏற்றும் வண்டியில் பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். அது கூடையிலிருந்து சொட்டி, மேட்டுக்கு அடியில் போய்த் தங்கிவிடும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், அடியில் தரை சல்லடையாகியிருக்கும். குளச்சல் பக்கம் மீன் ஏற்றிய வண்டி இன்னும் மோசம், உப்புத் தண்ணீர் தகரத்தை இரண்டே வருஷத்தில் தின்றுவிடும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஸ்லைடிங் கதவின் கீழ்த்தடம், சக்கர வளைவின் உள்மடிப்பு, லீஃப் ஸ்ப்ரிங் தொங்கும் இடம், இந்த மூன்றிலும் விரலை விட்டுப் பாருங்கள். பெயின்ட் அடித்து மறைத்தவன் அங்கே பிரஷ் விட்டிருக்கமாட்டான்.

1984-ல் மாருதி வேன் என்று வந்து, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் உற்பத்தி நின்ற வண்டி அது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ரேடியேட்டர் மூக்கில், இன்ஜின் நடுவில், இடையே தரைக்கடியில் நீளமாக ஓடும் தண்ணீர்க் குழாய். 'சூடாகுது' என்று ஓனர்கள் சொல்லும் புகாரில் பாதி இந்தக் குழாயில்தான் பிறக்கிறது.

நானும் அங்கேதான் சறுக்கினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஹோஸ் மாற்றிய ஒரு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி அனுப்பிவிட்டேன். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு கிளம்பிய வண்டி ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் முள் மேலே ஏறி, ஹெட் கேஸ்கட் போய் நின்றது. குழாய்க்குள் காற்று அடைத்திருந்தது. ஹெட்டை ஃபேசிங் போட்ட செலவை ஆசான் தன் கையிலிருந்து கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. அடுத்த வண்டியை முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, என்னை எதிரில் உட்காரவைத்தார். "தண்ணி ஊத்துறது பெரிசில்ல மக்கா, காத்தை வெளிய எடுக்கணும், கேட்டியா." இன்ஜின் மெதுவாக ஓட, ஹோஸை அமுக்கி அமுக்கி விட, குமிழ் ஒவ்வொன்றாக வந்தது. குமிழ் நின்று, ஃபேன் தானாகச் சுற்றும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. இன்றைக்கும் அந்த வேலையை நான் உட்கார்ந்துதான் செய்கிறேன்.

கிளட்ச்சை விடும்போது அடியில் 'டக்' என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருக்கும். ஸ்லைடிங் கதவு முட்டினால் ரோலர். இவையெல்லாம் சின்ன வேலைகள், விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

கைக்கு எட்டாத விஷயம் ஒன்று உண்டு. அதை நான் கற்றது மூன்று வருஷத்துக்கு முன்புதான். இறச்சகுளத்திலிருந்து ஒரு தம்பி 2022 மாடல் ஈகோ கொண்டுவந்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, டயரை ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் பிடித்து ஆட்டினேன். டை ராடில் துளி ஆட்டம் இல்லை. பன்னிரண்டும் ஆறும் பிடித்தேன், பால் ஜாயிண்டும் பேரிங்கும் சுத்தம். 'தாராளமா வாங்குங்க' என்று சொல்லிவிட்டேன். என்னிடம் வேலை படிக்கும் பையன் ஆர்.சி.யிலிருந்த சேசிஸ் நம்பரைப் போனில் கம்பெனித் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆசானே, இது லிஸ்டுல இருக்கு" என்றான்.

2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை செய்த எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐ மாருதி 2023 ஜூலையில் திரும்ப அழைத்திருந்தது. ஸ்டியரிங் டை ராடின் ஒரு பாகம் அபூர்வமாக முறியக்கூடும் என்பது காரணம். தேய்மானம் என்றால் என் கை சொல்லும். இரும்புக்குள் இருக்கிற பலவீனத்தை எந்தக் கை சொல்லும்? அறிவிப்பு முதல் ஓனரின் போனுக்குப் போயிருக்கும், வண்டியோடு கைமாறவில்லை. நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

எல்லா அழைப்பும் ஒரே எடை இல்லை. 2020 நவம்பரில் 40,453 ஈகோக்களை அழைத்தது ஹெட்லேம்பில் தரக்குறி இல்லாதிருக்கலாம் என்பதற்காக. 2022 ஏப்ரலில் 19,731-ஐ அழைத்தது வீல் ரிம் அளவைத் தவறாகப் பொறித்ததற்காக. டை ராடு அப்படியல்ல, அது குடும்பத்தின் உயிர். ஆனால் எது எது என்று நம்பரைப் போட்டுப் பார்க்காமல் தெரியாது. ஆர்.சி. நம்பரும் வண்டியில் கொத்திய நம்பரும் ஒன்றா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம்.

இப்போது வேன் வந்தால் சேசிஸ் நம்பரைச் சாக்பீஸால் சுவரில் எழுதுவது பையன் வேலை. அவன் போனில் பார்க்கும் நேரத்தில் நான் மேட்டைப் புரட்டித் தட்டிக்கொண்டிருப்பேன்.