வெளுத்துப் போன கெளுத்தி

திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு வீடு. எட்டாவது படிக்கும் பையன் அடம் பிடித்து வாங்கிய இரண்டடி மீன் தொட்டி டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே நான்கு கோரிடோராஸ். தென் அமெரிக்காவைச் சேர்ந்த குட்டிக் கெளுத்திகள். வாய் ஓரம் மீசை, தரையை மோப்பம் பிடித்தபடியே திரியும் குணம். வாங்கி வந்த அன்று பச்சை கலந்த வெண்கல நிறத்தில் மின்னின. இரண்டே மாதத்தில் நான்கும் பழைய வேட்டி மாதிரி வெளுத்து விட்டன!

மீன் வாங்கிய கடையில் கேட்டபோது வந்த பதில் ரொம்ப சுலபமானது. "நோய் வந்திருக்கும் தம்பி. இந்த நீல மருந்தைப் பத்து சொட்டு விடுங்க". பையன் பத்துக்குப் பதிலாக இருபது சொட்டு விட்டான். மறுநாள் காலையில் ஒரு மீன் மிதந்தது. மற்ற மூன்றையும் கொண்டு போய்க் குடகனாற்றில் விட்டு விடலாம் என்று அழுதுகொண்டே கிளம்பியவனைத் தடுத்தது தாத்தாதான். "மருந்து கெடக்கட்டும். நீ மொதல்ல தண்ணியப் பாருடா" என்றார்.

தாத்தா முப்பது வருடம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருவோம். முதலில், மீன் ஏன் வெளுக்கிறது?

நிறம் எங்கே இருக்கிறது?

மீனின் நிறம் பெயின்ட் அடித்த மாதிரி தோலின் மேல் ஒட்டியிருப்பதில்லை. தோலுக்குள் நிறமிச் செல்கள் உள்ளன. கருப்பு, பழுப்பு நிறங்களுக்குக் காரணம் மெலனின் துகள்கள். இந்தத் துகள்கள் செல் முழுக்கப் பரவினால் மீன் கறுக்கும். செல்லின் நடுவே ஒரு புள்ளியாகச் சுருங்கினால் மீன் வெளுக்கும். வெண்கல மினுமினுப்பு வேறு வகைச் செல்களின் வேலை. அவற்றில் உள்ள நுண்ணிய படிகங்கள் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன.

இந்தப் பரவலையும் சுருங்கலையும் நடத்துபவை நரம்புகளும் ஹார்மோன்களும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.எச். பார்க்கர் என்ற விலங்கியல் அறிஞர் 1930-களில் கெளுத்தி மீன்களை வைத்தே இதை ஆராய்ந்தார். கருப்புத் தரையில் விட்டால் கெளுத்தி கறுக்கும், வெள்ளைத் தரையில் விட்டால் வெளுக்கும். கண் பார்க்கிறது, தோல் மாறுகிறது. எதிரியின் பார்வையில் படாமல் இருக்க இயற்கை கொடுத்த வித்தை அது.

இப்போது அந்தத் தொட்டியைப் பாருங்கள். அழகாக இருக்கும் என்று பையன் தரை முழுக்கப் பளிச்சென்ற வெள்ளை மார்பிள் சில்லுகளைக் கொட்டி வைத்திருந்தான். மேலே நாள் முழுக்க எரியும் வெள்ளை விளக்கு. ஒளிந்துகொள்ள ஒரு கல் கூட இல்லை. மீன் வெளுக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, சில்லுகளின் கூரான முனைகள் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும். மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல்தான். மென்மையான தண்ணீரில் அது மெல்ல மெல்லக் கரைந்து உப்பை ஏற்றும்.

மற்ற காரணங்கள்

தரையின் நிறம் ஒரு காரணம்தான். இன்னும் சில உண்டு.

1. பயம். புது இடம், கண்ணாடியைத் தட்டும் குழந்தைகள், துரத்தும் பெரிய மீன்கள் ஆகியவற்றால் வரும் வெளுப்பு சில மணி நேரத்திலோ சில நாளிலோ சரியாகும். இருட்டில் கிடந்த மீன் காலையில் விளக்கைப் போட்டதும் வெளிறித் தெரிவதும் இயல்புதான்.

2. அழுக்கு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டர் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் பட்டு அந்த பாக்டீரியாக்கள் செத்துப் போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவதுதான் சரி.

3. சாப்பாடு. மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கான கரோட்டினாய்டுகளை மீனால் தயாரிக்க முடியாது. பாசி, இறால், கீரை வழியாகத்தான் கிடைக்க வேண்டும். மெலனினை உடம்பே தயாரித்துக்கொள்ளும். அதனால் "கலர் ஏற்றும் உணவு" மட்டும் போட்டால் கெளுத்தி கறுத்து விடாது. இன்னொரு விஷயம், மிதக்கும் உணவை மேலே உள்ள மீன்களே தின்று தீர்த்து விடும். தரையில் மேயும் கெளுத்திக்கு மூழ்கும் உணவு வேண்டும்.

4. நோய். வெள்ளைப் புள்ளி, பஞ்சு போன்ற படலம், வீங்கிய செவுள் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் கவனம் தேவை. கெளுத்திகளுக்கு மற்ற மீன்களைப் போலச் செதில் கிடையாது. கோரிடோராஸுக்கு இருப்பவை எலும்புத் தகடுகள். செம்பு, மாலகைட் கிரீன் கலந்த மருந்துகள் இவற்றைச் சீக்கிரம் பாதிக்கும்.

பிறவியிலேயே வெள்ளையான அல்பினோ மீனுக்கு மட்டும் எந்த வைத்தியமும் பலிக்காது. அதன் நிறமே அதுதான்.

தாத்தா சொன்ன தண்ணீர்

திண்டுக்கல்லுக்கு ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வருகின்றன. குழாயில் வராத நாட்களில் போர் தண்ணீர்தான். அணைத் தண்ணீர் மென்மையானது. போர் தண்ணீர் பாறை இடுக்கிலிருந்து உப்பைச் சுமந்து வருவது. பையன் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துத் தொட்டியை முழுசாக மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் மென்மை, மறு வாரம் உப்பு. அதுவும் மொட்டை மாடி டேங்கில் மத்தியான வெயிலில் சுட்ட தண்ணீர்!

தாத்தாவுக்கு இது புதிதல்ல. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் ஆலைகளின் கழிவால் கிணறுகள் உப்பானதைக் கண்ணால் பார்த்தவர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில், திண்டுக்கல் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. "எங்க தெருக் கெணத்துத் தண்ணியில அரிசி கூட வேகலடா. மனுசன் வாயத் தொறந்து சொல்லிருவான். மீனு எப்படிச் சொல்லும்? இப்படித்தான் வெளுத்துக் காட்டும்" என்றார்.

எப்படி மீண்டது?

மார்பிள் போனது. நன்றாக அலசிய கருமையான ஆற்று மணல் வந்தது. ஒரு சின்ன மண் சட்டியைக் கவிழ்த்து வைத்ததும் மூன்று மீன்களும் அதற்குள் புகுந்துகொண்டன. விளக்கு எட்டு மணி நேரம் மட்டும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, வாரம் ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றினார்கள். அணைத் தண்ணீர் இல்லாத வாரத்தில், சேமித்து வைத்த மழைத் தண்ணீர். இரவில் விளக்கு அணைந்த பிறகு மூழ்கும் உணவு, எப்போதாவது வேக வைத்த கீரைத் துணுக்கு. மருந்து ஒரு சொட்டு கூட இல்லை.

முதல் வாரத்திலேயே முதுகு கொஞ்சம் கருத்தது. அது சுருங்கிய துகள்கள் பரவியதால். புது நிறமிச் செல்கள் உருவாக வாரக் கணக்கில் ஆகும். இரண்டாவது மாதம்தான் அந்த வெண்கல மினுமினுப்பு திரும்பியது.

கடைசியாக, குடகனாறு. வளர்க்க முடியாத மீனை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று பலரும் நினைக்கிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் கெளுத்தி, அப்படி வெளியே போய்த்தான் இந்தியாவின் பல நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்குப் போட்டியாகப் பெருகிக் கிடக்கிறது. முடியவில்லை என்றால் கடையிலோ நண்பரிடமோ கொடுத்து விடுங்கள்.

பையன் இப்போது தினமும் காலையில் தாத்தாவுக்குக் காபி கொடுப்பதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "உப்பா இருக்கா தாத்தா?" என்று கேட்கிறான். அவர் "இல்ல" என்று சொன்னால்தான் அது தொட்டிக்குப் போகிறது!