டிப்ளமோ என்று ஒரு வார்த்தை

(மூன்றாம் ஆண்டு, பீங்கான் தொழில்நுட்பம்)



தேர்தல் என்றால் நமக்கு என்ன? மைக் செட், போஸ்டர், விரலில் மை, ஒரு நாள் லீவு. "எவன் வந்தா என்ன, நம்ம பொழப்ப நாமதான் பாக்கணும்" என்று ஹாஸ்டலில் ஒருவன் சொன்னால் பத்துப் பேர் தலையாட்டுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதற்கு 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இருந்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்துச் சொல்கிறேன். அந்த வார்த்தை 'டிப்ளமோ'.

அப்போது நான் முதலாண்டு. ஓட்டுப் போடும் வயதில்லை. ஆனால் காது இருந்ததே! பாலக்கரைப் பக்கம் போனால் ஒரு ஆட்டோ போனதும் இன்னொரு ஆட்டோ. நம் கடலூர் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் விஷ்ணு பிரசாத், தே.மு.தி.க. சார்பில் சிவக்கொழுந்து, பா.ம.க. சார்பில் டைரக்டர் தங்கர் பச்சான் நின்றார்கள். 2006-ல் கேப்டன் விஜயகாந்தை முதன்முதலாகச் சட்டசபைக்கு அனுப்பிய ஊர் நம் விருத்தாசலம். அவர் மறைந்து (2023 டிசம்பர் 28) நாலு மாதம்கூட ஆகாத நேரம். முரசு சின்னத்தைப் பார்த்தாலே எங்கள் தெருப் பெண்கள், "பாவம், நல்ல மனுசன்" என்றார்கள்.

மேலே பெரிய தலைவர்களின் பேச்சு வேறு மாதிரி. பிரதமர் மோடி "400 இடங்களைத் தாண்டுவோம்" என்றார். கச்சத்தீவு வந்தது, பிறகு வடக்கே மாங்கல்யம் வந்தது. ராகுல் காந்தி அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டினார். உதயநிதி "28 பைசா" என்றார். இதெல்லாம் நம் அனைவருக்கும் தெரியும். டீக்கடையில் விவாதமும் நடந்தது.

ஆனால் 2024 ஏப்ரல் 5-ஆம் தேதி வந்த காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில் ஒரு வாக்குறுதி இருந்தது. 25 வயதுக்கு உட்பட்ட டிப்ளமோ அல்லது பட்டம் முடித்த ஒவ்வொருவருக்கும் ஓராண்டு தொழிற்பயிற்சி, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். அதைச் சட்டப்படி உரிமையாக்குவோம் என்றார்கள். இதை எந்த ஆட்டோவும் நம் தெருவில் சொல்லிக் கேட்கவில்லை! பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா அகல் விளக்கு செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் மோல்டு வேலை பார்க்கிறாள். சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவாளே தவிர, தேர்தல் அறிக்கை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அன்று ராத்திரி அதைப் படித்துக் காட்டினேன். "டிப்ளமோன்னா நீ படிக்கிறதுதானே? நம்மளப் பத்திக்கூட எழுதுவாங்களாடா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பயிற்சி நமக்கு ஏன் முக்கியம்? நம் சீனியர் அண்ணன்களைக் கேளுங்கள். மோர்பி வரைக்கும் ரயிலேறிப் போனால், முதல் கேள்வி "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்! 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 30 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் யூனிட்டுகளுக்குக் கட்டாயம் கிடையாது. நம் ஊர் யூனிட்டுகளில் எத்தனைக்கு 30 பேர் தேறும்?

ஏப்ரல் 19-ல் நம் மாநிலம் ஓட்டுப் போட்டது. ஏழு கட்டமும் முடிந்து ஜூன் 4-ல் எண்ணினார்கள். அதற்குள் டி.வி.க்காரர்கள் பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று கணக்குச் சொல்லிவிட்டார்கள். சூளையைத் திறக்கும் முன்பே சரக்கைத் தரம் பிரித்த கதை! திறந்து பார்த்தால் பா.ஜ.க. 240, கூட்டணியோடு 293. காங்கிரஸ் 99. ஆட்சி அமைக்க 272 வேண்டும். 2019-ல் 303 வாங்கிய கட்சி இம்முறை சந்திரபாபு நாயுடு, நிதிஷ் குமார் தயவில் ஆட்சிக்கு வந்தது. தமிழ்நாட்டில் 39-ம் தி.மு.க. கூட்டணிக்கே. கடலூரில் விஷ்ணு பிரசாத் 1,85,896 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். பா.ஜ.க.வின் ஓட்டு நாடு முழுதும் சுமார் ஒரு சதவீதம்தான் குறைந்தது. இடமோ 63 குறைந்தது! "என் ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போவுது" என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

காங்கிரஸ் தோற்றது. வாக்குறுதியும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அதே 2024 ஜூலை 23-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டில் ஒரு திட்டம் அறிவித்தார். 500 பெரிய நிறுவனங்களில், 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய், ஒரு தடவை மட்டும் 6,000 ரூபாய். எங்கள் அறிக்கையைப் பார்த்து எழுதியது என்று காங்கிரஸ் சொன்னது. பட்ஜெட் உண்மையிலேயே அங்கிருந்துதான் வந்ததா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பலம் குறைந்த அரசாங்கம் நாலு பேர் சொல்வதைக் காதில் வாங்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்த விஷயம்.

சந்தோஷப்படலாமா? முழுசாக முடியாது. ஆண்டுக்கு 1 லட்சம் என்றது 66,000 ஆனது. 'ஒவ்வொருவருக்கும் உரிமை' என்றது 'இடம் இருந்தால் தருவோம்' என்ற திட்டமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 அக்டோபரில் அதைத் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு என்றார்கள். பத்தாவது முடித்து டிப்ளமோ சேர்ந்த நாம் வெளியே போவது 18, 19 வயதில். அதற்கப்புறம் இரண்டு வருஷம் என்ன செய்வது? மோல்டுக்குள் உட்கார்ந்து காய்வதா? நம் வயதை மறந்து எழுதிய திட்டம் அது. ஏன் மறந்தார்கள்? நாம் யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கவில்லை நண்பர்களே. வாக்குறுதி கொடுத்த கட்சியின் எம்.பி.தான் நம் தொகுதிக்கு வந்தார். திட்டம் கொண்டு வந்தது எதிர்க்கட்சியாக நின்றவர்கள் அரசாங்கம். அப்படியானால் இரண்டு பக்கமும் நாம் கேள்வி கேட்கலாமே! நம்மில் பலருக்கு 18 முடிந்துவிட்டது. படிவம் 6 எழுதிக் கொடுத்துப் பட்டியலில் பெயர் சேருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும், சால்வை போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "டிப்ளமோக்காரனுக்குப் பயிற்சி எங்கே? 30 பேர் இல்லாத யூனிட்டில் அதற்கு யார் பணம் தருவது?"

பதில் சொல்லத் திணறட்டும். அடுத்த தடவை தெரிந்துகொண்டு வருவார்கள்.