நுரை கல்லாகும் நேரம்

மேசைப் போர் விளையாட்டுக்காரர்கள் பலருக்குப் பொம்மை வீரர்கள் மேல்தான் கண். எனக்கு அவர்கள் நிற்கும் நிலம்தான் பிடிக்கும். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதிய எச்.ஜி. வெல்ஸ் மரக்கட்டைகளை அடுக்கியே ஊர் கட்டினார். இன்று எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை வந்துவிட்டது. தெர்மாகோல் மாதிரி மணிமணியாக உதிராது. கசக்கிய அலுமினியத் தாளை அதன்மேல் உருட்டி அழுத்தினால் பாறையின் சொரசொரப்பு வந்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் நேராக அடிக்கக் கூடாது, நுரையை அரித்துவிடும். வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து முதல் பூச்சு, அது காய்ந்ததும் சாம்பல் நிறம்.

அதற்கப்புறம்தான் கொண்டாட்டம். பிரஷ்ஷில் வெளிர்நிறம் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலாக மட்டும் தடவ வேண்டும். மேடுகள் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் இருட்டாகவே இருக்கும். பார்க்கப் பார்க்க நுரை கல்லாகிவிடும். கொலுவுக்குப் பார்க் கட்டி, கடுகு முளைக்கவைத்துப் புல்வெளி காட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தானாக வரும் என்பது என் கட்சி.

28 மில்லிமீட்டர் ஆளுக்குக் கதவு வைப்பதுதான் தலைவலி. அவன் பீடத்தின்மேல் நிற்பதால், கணக்குப்படி வெட்டிய கதவு குட்டையாகத் தெரியும். கொஞ்சம் தாராளமாகவே வெட்டுகிறேன்.

அடுத்தது ஆற்றுப்பாலம். ஐஸ் குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.