இறந்த காலத்தில் இடறுவோர்

கும்பகோணம் அரசினர் கல்லூரியைப் பற்றிப் பேசுவோர் இராமானுஜனை விடுவதில்லை. 1904இல் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் அத்தொகையை இழந்தார். அதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தவர் உ.வே. சாமிநாதையர். ஓராண்டு முந்தியிருந்தால் கணித மேதை அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நூறாண்டுக்கு மேலாகியும் ஆங்கிலம் நம் பிள்ளைகளை மறித்து நிற்கிறது. மறிக்கும் இடங்களுள் ஒன்று இறந்தகால வினை. பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்து பேருந்தேறி வரும் மாணவர் ‘கோ, வென்ட், கான்’ என்று வாய்பாடு போல ஒப்பித்துவிடுவர். பேச வாயெடுத்தாலோ ‘டீச்சட்’ என்று வந்துவிடுகிறது. வகுப்பே சிரிக்கிறது. அதன்பின் அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் வாய் திறப்பதில்லை.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ‘டீச்சட்’ என்றவன் விதியை மீறவில்லை, விதிக்குக் கட்டுப்பட்டான். மீறி நிற்பது ‘டாட்’ என்னும் சொல்தான். ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையும் இப்படிச் சொல்லித்தான் பிறகு திருந்துகிறது.

அச்சொற்களின் மீறலுக்கும் காரணம் உண்டு. ‘வென்ட்’ என்பது ‘கோ’வின் பிள்ளையே அன்று, ‘வெண்ட்’ என்னும் வேறொரு வினையிலிருந்து தத்தெடுத்தது. ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என மாறியது. இன்று ‘ஹெல்ப்ட்’ என அடங்கிவிட்டது. ஹார்வர்டு ஆய்வாளர் 2007இல் கணக்கெடுத்தனர்: பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காதிருந்தவற்றுள் 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்தால், இன்றும் அடங்காமல் நிற்பவை 98. அன்றாடம் நாவில் புழங்கும் வினை பழங்கோலத்தைக் காத்துக்கொள்கிறது. அருகி வழங்குவது விதிக்குப் பணிந்துவிடுகிறது.

தமிழில் இத்தொல்லை இல்லை என்று நம்மவர் பெருமை பேசுவது வேடிக்கை. ஒரு போக வேளாண்மையையே எடுத்துக்கொள்வோம். உழுதான், நட்டாள், அறுத்தாள், தூற்றினாள், உண்டான். காலம் ஒன்று, கோலம் எத்தனை! செல், வெல், கொல், நில் ஆகியவை சென்றான், வென்றான், கொன்றான், நின்றான் என ஒழுங்காக நடக்கின்றன. கல், வில் இரண்டும் கற்றான், விற்றான் எனப் பிரிந்து போகின்றன. ‘சொல்’ மட்டும் ‘சொன்னான்’ எனத் தனிவழி பிடிக்கிறது. எடு எடுத்தான் ஆகும்போது விடு ஏன் விட்டான் ஆகிறது என்று அயல்நாட்டார் ஒருவர் கேட்டால் நாம் சற்றே விழிக்க வேண்டியதுதான். நன்னூலார் த், ட், ற், இன் எனும் நான்கு இடைநிலைகளைச் சொன்னார். விட்டான், பெற்றான், புக்கான் போன்றவற்றில் பகுதியின் ஒற்று இரட்டித்துக் காலம் காட்டும் என்பது இலக்கண மரபு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ் லெக்சிகன், வினைகளைப் பதின்மூன்று வகையாக்கி எண்ணிட்டது. தாய்ப்பாலோடு கற்றதனால் அந்த எண்கள் நமக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே.

‘ஒழுங்கற்ற வினை’ என்னும் பாடப்புத்தகத் தொடரே நமக்கு உவப்பில்லை. ‘தொல்வினை’ என்றே சொல்லலாம். நன்னூல் இடைநிலை நடத்தும் நாள்களில் கரும்பலகையின் பாதியில் ஆங்கில வினைகளை எழுதிவிடுகிறோம். தேர்வுக்கு இது உதவாது என்று ஆங்கிலத் துறை நண்பர்கள் குறைப்படுகின்றனர். உதவாதுதான். அட்டவணையை மனனம் செய்தே தீர வேண்டும். கூனிக் குறுகாமல் செய்யலாமே என்பது நம் கட்சி.