பெருவிரலும் பொய்ம்மூட்டும்

எண்சாண் உடம்பிற்குத் தலையே பிரதானம் என்பர். ஆயினும், நடக்குங்கால் குதி நிலத்தை விட்டு எழுந்தோறும் உடற்பாரத்தை ஏற்று நம்மை முன்னே உந்துவது காலின் பெருவிரலேயாம். அதன் அடிமூட்டுத் தேய்ந்து இறுகுமாயின், வைக்கும் ஒவ்வோர் அடியும் வேதனையாகும். அந்நோய்க்கென இடப்படும் செயற்கை மூட்டுப் பழுதுறின் விளையும் இடர்களுள், எம் குடும்பத்திலேயே யாம் கண்டறிந்த சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

அவிநாசியில் வாழும் எம் அத்தையார், பல்லாண்டுகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் நின்றபடியே துணி சரிபார்த்து வந்தவர். அவருடைய வலக்காற் பெருவிரல் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, மேற்புறத்தே எலும்பு புடைத்து, விரல் மடங்காதாயிற்று. இத்தகையோர்க்கு வைத்தியர் முதலிற் கூறுவன, எளிதில் வளையாத அடியுடைய பாதரட்சையும் வலி தணிக்கும் மருந்துமாம். அவை உதவாவிடின், புடைத்த எலும்பைச் செதுக்குதல், மூட்டைத் திருகாணியிட்டு அசையாவண்ணம் பிணைத்தல், செயற்கை மூட்டு இடுதல் என வேறு வழிகள் உள. பிணைத்தால் வலி நீங்கும். ஆனால் அம்மூட்டு மடங்காது. ஜெபவேளையில் முழந்தாளிட்டு எழவும், அம்மிமுன் குந்தவும் விரல் மடங்க வேண்டுமே என்று கருதிய அத்தையார், செயற்கை மூட்டையே விரும்பினார். அயலூர் மருத்துவமனை ஒன்றிற் சிலிக்கோன் மூட்டுப் பொருத்தினர்.

ஈராண்டு நலமாக நடந்தார். மூன்றாம் ஆண்டில் விரல் வீங்கிக் குறுகிற்று. அது தாங்காத பாரம் அடுத்த விரலின் அடியிற் சென்று காய்ப்பேற்றியது. எக்ஸ்ரே எடுத்து நோக்கிய வேறொரு வைத்தியர், இட்ட மூட்டு முறிந்துவிட்டதென்றும், சுற்றியுள்ள எலும்பு அரிபட்டதென்றும் உரைத்தார். சிலிக்கோன் உராய்ந்து உதிர்க்கும் நுண்டுகளை உடல் பகையெனக் கொண்டு எதிர்க்கும். அவ்வெதிர்ப்பினால் அருகிலுள்ள எலும்பும் கரையும். சிலர்க்கு அத்துகள் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வரை சென்றதும் உண்டு. மூட்டைக் கழற்றியபின் எஞ்சியது குழியே. இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதனை நிரப்பி, முன்னர் வேண்டாவென்ற பிணைப்பையே இறுதியிற் செய்தனர். எலும்பு குறைந்தமையால் இம்முறை அது கூடுதற்கு மாதங்கள் பல ஆயின.

இவ்விடையே எம்மைத் திகைப்பித்த செய்தி ஒன்று உண்டு. முன்பு இட்ட மூட்டு யார் செய்தது, எவ்வளவினது என்று இரண்டாம் வைத்தியர் வினவினார். வீட்டிலிருந்த சீட்டில் ‘செயற்கை மூட்டு’ என்பதன்றி வேறொன்றும் எழுதப்படவில்லை.

இது சிறு குறையன்று. அமெரிக்காவிற் பெருவிரல் மூட்டிற்கென 2016-இல் அனுமதி பெற்ற ‘கார்ட்டிவா’ என்னும் வழுவழுப்பான சிற்றுருளை, எலும்பினுள் அமிழ்தலும் சிதைதலும் எதிர்பார்த்ததினும் மிகுந்தமையால், 2024 அக்டோபரில் விற்பனையினின்று திரும்பப் பெறப்பட்டது. தம் விரலில் இருப்பது யாதென அறியாதார்க்கு அவ்வறிவிப்பால் என்ன பயன்? நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ‘டிப்யூ ஏ.எஸ்.ஆர்.’ என்னும் இடுப்பு மூட்டு, இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேர்க்குப் பொருத்தப்பட்டிருந்தது. 2017-இல் மத்திய அரசு அமைத்த குழு ஆராய்ந்தபோது, அவர்களுட் பெரும்பாலோரைக் கண்டறியவே இயலாதிருந்தது. இத்தகைய கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்ட 2015-இல் காஜியாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. ஆயினும், கருவியின் பெயரே தெரியாதவர் எதனைக் குறித்து முறையிடுவார்?

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். ஆதலின் வினவும் உரிமையும் அவனுக்கே முதலில் உரியது. உடலுட் பொருள் ஒன்றை ஏற்குமுன் நேயர்கள் மூன்று வினாக்களைக் கேட்பாராக: இதன் பெயரும் எண்ணும் யாவை? எத்துணை ஆண்டு உழைக்கும்? பழுதுறின் அடுத்துச் செய்யத்தக்கது யாது? விடைகளை எழுத்திற் பெற்று, வீட்டுப் பத்திரத்தோடு ஒருங்கு வைத்துப் பேணுக. பின்னர் வீக்கமோ, சிவப்போ, புதிய வலியோ தோன்றின் நாள் கடத்தாது வைத்தியரை நாடுக. நீரிழிவுடையார் இன்னும் விரைக.