சாரலில் நனைந்த சரித்திரம்

குற்றாலத்துக்கு ஸீஸனுக்குப் போகிறீர்களா? அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடியே இதையும் கேளுங்கள்.

அந்த மலையடிவாரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டார்கள். வியாபாரிகளாக வந்தவர்கள், நாளடைவில் நாட்டையே ஆளும் துரைகளானார்கள்.

1911 ஜூன் 17. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்ட ஐந்தே நாள் பாக்கி. குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையைச் சேர்ந்த 25 வயது வாஞ்சிநாதன், மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். ரயிலில் துரையுடன் இருந்தவள் மனைவி மேரி. வாஞ்சிக்கும் வீட்டில் ஒரு பொன்னம்மாள். ஒரே காலைப் பொழுதில் இருவருமே கணவனை இழந்தார்கள்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போய் வாஞ்சியின் சிலை முன் நின்றேன். கைகள் தாமாகக் குவிந்தன. ஆனால் கண் கலங்கியது, சிலையில்லாத அந்த இரண்டு பெண்களுக்காக!